துயரக் காலத்தின் பதினேழாம் நாள்



அண்மைக் காலமாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுள் பெரும்பாலானவை ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் சுமந்து வருகின்றன. ஒருவருக்கு வேலை போய்விட்டது. இன்னொருவருக்கு வதிவிட அனுமதி இழுபடுகிறது. மற்றொருவரை மருத்துவர் மீண்டும் ஒரு பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார். ஊரில் தனித்திருக்கும் தாயாருக்கு இயலவில்லை என்று அழுபவர்களும் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவில், "செபிக்க இருந்தால் மனம் ஒரு இடத்தில நிற்குதில்லை, பாதர்" என்ற வாக்கியத்தில் வந்து நிற்கிறது. இதற்கு அறிவுரையாக எதையும் எழுத நான் முனையவில்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்ற நாள்களிலிருந்து என் உள்ளத்தில் தங்கிவிட்ட ஒரு மக்களின் வரலாற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பதிவு நீளமானது; ஆறுதலாக வாசியுங்கள்.

1865 ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தருகே ஊரா என்னும் மேட்டில் புதிய கத்தோலிக்க ஆலயம் ஒன்று நின்றது. நேர்ந்தளிக்கப்பட்டு ஒரு மாதம்கூட நிறைவுறவில்லை. ஜப்பானியரை மனத்திற்கொண்டு அது எழுப்பப்படவில்லை. உடன்படிக்கைகளின்படி அத்துறைமுகத்தில் குடியேறியிருந்த வெளிநாட்டாருக்காகவே எழுப்பப்பட்டது. ஜப்பானியர் ஒருவர் கிறிஸ்தவராயிருத்தல் அன்றும் சட்டப்படி கடுங்குற்றம். அன்று நண்பகலளவில் எளிய உடை தரித்த 12 முதல் 15 பேர் வரையிலான ஒரு கூட்டம் ஆலயக் கதவருகே வந்து நின்றது. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பெர்னார் பெத்திஜான் அடிகளார் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டு, தாம் சென்று நற்கருணைப் பேழையின்முன் முழந்தாளிட்டார். சற்று நேரத்தில் ஒரு பெண் அவரருகே வந்து, நெஞ்சில் கைவைத்து, தங்கள் எல்லாருடைய இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே எனத் தாழ்ந்த குரலில் கூறினார். தாங்கள் உராக்காமி என்னும் ஊரிலிருந்து வந்திருப்பதாகவும் சொன்னார். பின்னர், புனித மரியாவின் திருவுருவம் எங்கே என்று கேட்டார்.

இந்நிகழ்ச்சியை உங்களுள் பலர் மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் நடந்த உரையாடலைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அன்னையின் உருவத்தைக் கண்டதும் அவர்கள் மகிழ்ச்சியால் நெகிழ்ந்து, குளிர் மாதத்தில் தாங்கள் ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுவதாகக் கூறினர். அதன்பின் இன்னொன்றையும் சொன்னார்கள்: இப்போது நடப்பது துயரக் காலம், இன்று அதன் பதினேழாம் நாள். அவர்கள் தவக்காலத்தைக் குறிப்பிடுகிறார்கள் என்பது குருவானவருக்குப் புரிந்தது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 1865 ஆம் ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16 அன்று வந்தது. ஆகவே திருநீற்றுப் புதன் மார்ச் 1. மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாளேதான். உரோமையில் திருத்தந்தையின் நாள்காட்டியும், நாகசாகிக்கு வெளியே வயலில் உழைத்த ஏழை உழவரின் நாள்காட்டியும் ஒருநாள்கூடப் பிசகாமல் ஒன்றாய் இருந்தன. ஜப்பானில் எஞ்சியிருந்த கடைசிக் குருவாகிய கொனிஷி மான்சியோ மறைசாட்சியாகக் கொல்லப்பட்டது 1644 இல். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, ஆயர் இல்லை, அச்சிட்ட நூல் ஒன்றுகூட வெளியிலிருந்து வந்து சேரவில்லை. இருந்தும் அவர்கள் பதினாறு என்றோ பதினெட்டு என்றோ சொல்லவில்லை.

அந்த எண் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதே இப்பதிவின் பொருள்.

ஜப்பானுக்கு நற்செய்தி சென்ற வழி நம் கரையைத் தொட்டுச் சென்ற வழி என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் 1544 வரை முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்தவர். மொழி தெரியாத நிலையில், தெரிந்தவர்களின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கி, மனனம் செய்து, மணியை அடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். ஓரூரில் தங்கியிருக்கத் தமக்கு நேரமில்லை என்பதை அறிந்த அவர், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். மன்றாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பதும், ஆபத்தான வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் அவருடைய பொறுப்புகள். நம் பாட்டனார் காலம்வரை ஊர்க்கோயிலில் உபதேசியார் என்றொருவர் இருந்தாரே, அவருக்கு மூதாதை இந்தக் கணக்கப்பிள்ளைதான். அதே சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கே அவர் தங்கியது இரண்டேகால் ஆண்டுகளளவே. குரு இல்லாதபோதும் மன்றாடும் பொதுநிலையினரை ஊருக்கு ஊர் உருவாக்கும் இதே வழியை இயேசு சபையினர் அந்நாட்டிலும் வளர்த்தெடுத்தனர்.

தொடக்கத்தில் எல்லாம் செழிப்பாகவே நடந்தது. பின்னர் 1587 இல் ஹிதேயோஷி மறைபரப்பாளரை வெளியேற ஆணையிட்டார். 1597 பெப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகாக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய புனித கொன்சாலோ கார்சியா மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்தவர் என்பதை நம்மவரில் பலர் அறியார். 1614 இல் தொக்குகாவா ஆட்சி நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. அப்போது ஏறத்தாழ 3,00,000 கிறிஸ்தவர் இருந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணிப்பு.

தடைச்சட்டம் எழுதப்படுவது எளிது. அது வீட்டுக்குள் நுழைந்த முறைதான் அச்சமூட்டுவது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனுமொரு பௌத்த விகாரையில் பதிவு செய்து, தாங்கள் கிறிஸ்தவரல்லர் என்ற சான்றைப் பெறவேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழுவாகக் கட்டப்பட்டன. ஒரு வீட்டின் குற்றத்திற்கு ஐந்து வீடும் பொறுப்பு. காட்டிக்கொடுப்போருக்கு வெகுமதி அறிவித்து மரப்பலகைகள் தெருக்களில் நாட்டப்பட்டன. ஒரு குருவுக்கு 500 வெள்ளி வரை விலை உயர்ந்தது. யூதாசுக்குக் கிடைத்தது முப்பதுதான். பிடிபட்டோரை உடனே கொல்வதால் மறைசாட்சிகள் பெருகுகிறார்கள் என்பதை உணர்ந்த அதிகாரிகள், கொல்லாமல் மறுதலிக்கச் செய்யும் வழிகளைத் தேடினர். தலைகீழாகக் குழியில் தொங்கவிடும் வதை அவற்றுள் ஒன்று. 1633 இல் அவ்வதையின்போது மறுதலித்தவர் அங்கிருந்த இயேசு சபையினரின் தலைவராகிய கிறிஸ்தோவாவோ பெரேரா. எண்டோ சுசாக்குவின் 'மௌனம்' என்ற நாவலுக்கு இவ்வீழ்ச்சியே வித்து.

எளிய மக்களுக்கென வகுக்கப்பட்ட சோதனைக்கு ஃபூமியே என்று பெயர். ஆண்டவரின் அல்லது அன்னையின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். அதிகாரிகளின் கண்முன் ஒவ்வொருவரும் அதை மிதித்துச் செல்லவேண்டும். நாகசாகியில் இது ஆண்டுதோறும் நடைபெற்றது. முதியவர், கைக்குழந்தையோடு வந்த தாய், நோயாளி என எவருக்கும் விலக்கில்லை. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய இவ்வழக்கம் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

இந்தச் சூழலில் உராக்காமி மக்கள் செய்தது என்ன? ஆயுதம் ஏந்தவில்லை. வீரமாக அறிக்கையிட்டு வீதியில் நிற்கவுமில்லை. அவர்கள் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊருக்கு ஒரு சோகாத்தா. நாள்காட்டியைக் காப்பவர், மன்றாட்டுகளை மனத்தில் வைத்திருப்பவர். அவருக்கு அடுத்து மிசுகாத்தா. நீரைக் கையாள்பவர், அதாவது திருமுழுக்கு அளிப்பவர். மூன்றாமவர் கிகியாக்கு, செய்தி சேர்ப்பவர். வருகிற ஞாயிறு எந்நாள், எந்நாளில் வேலை செய்யலாகாது, எப்போது நோன்பு தொடங்குகிறது என்பதைச் சோகாத்தா கணித்துச் சொல்ல, கிகியாக்கு வீடு வீடாக அதைக் கொண்டுசேர்ப்பார். இப்பொறுப்புகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின.

நாள்காட்டியைக் காப்பது சிறு வேலையெனக் கருதாதீர்கள். திருச்சபையின் ஆண்டு கதிரவனின் ஓட்டத்தைப் பின்பற்றுவது. அன்றைய ஜப்பானிலோ மாதங்கள் நிலவைக் கொண்டே எண்ணப்பட்டன. உயிர்ப்பு விழாவோ ஆண்டுக்கு ஆண்டு நகர்வது. ஆக ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புதிதாகக் கணித்தே திருநாள்களைக் கண்டறியவேண்டும். அதற்கு மூலமாக அவர்களிடமிருந்தது 1634 ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டி. அதை அவர்களுக்கு விட்டுச்சென்றவர் பஸ்தியான் என்ற உபதேசியார் என்பது மரபு. பெயரைக் கவனித்தீர்களா? செபஸ்தியான் என்பதை நம் ஊர்களிலும் இப்படித்தானே சுருக்கி அழைக்கிறோம். போர்த்துக்கேயர் கப்பலில் சென்ற பெயர்கள் இரு கரைகளிலும் ஒரே விதமாகத் தேய்ந்திருக்கின்றன. நாம் பாதிரி என்பதை அவர்கள் பாத்தெரென் என்றனர்.

உங்கள் கவலைக்கும் இந்தப் பழங்கணக்குக்கும் தொடர்பு இங்கேதான் இருக்கிறது என நான் எண்ணுகிறேன். கவலைக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. பரிசோதனை முடிவு வரும் நாள், வழக்கின் தவணை நாள், வீட்டுக்கடன் கட்டும் நாள் என்று அது நம்மை ஒரு தேதியிலிருந்து மறு தேதிக்கு இழுத்துச் செல்லும். இடைப்பட்ட நாள்களில் நாம் வாழ்வதேயில்லை. உராக்காமி உழவருக்கும் அத்தகைய நாள்கள் இருந்தன: வரி செலுத்தும் நாள், உருவத்தை மிதிக்கும் நாள், சோதனையிட அதிகாரி வரும் நாள். அந்த நாள்களை அவரால் அழிக்க இயலவில்லை. ஆனால் அதே வீட்டுக்குள், ஒருவரும் அறியாமல், இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஆண்டவரின் நாள். ஊசியைக் கையில் எடுக்கலாகாது. இன்று மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள். இன்று துயரக் காலத்தின் பதினேழாம் நாள். மனம் ஒருமுகப்பட்ட பிறகு செபிக்கலாம் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் 1644 ஆம் ஆண்டோடு எல்லாம் முடிந்திருக்கும்.

பஸ்தியான் விட்டுச்சென்றவற்றுள் ஒரு முன்னறிவிப்பும் உண்டு என்று அம்மக்கள் நம்பினர். ஏழு தலைமுறைகள் கழியும். அதன்பின் ஒப்புரவு கேட்கும் குருக்கள் பெரிய கறுப்புக் கப்பல்களில் வருவார்கள். வாரந்தோறும் பாவங்களை அறிக்கையிடலாம். எங்கும் வெளிப்படையாகப் பாடிக்கொண்டு நடக்கலாம். அற்புதக் கதைகளை உடனே ஏற்கும் இயல்பு எனக்கில்லை. எனினும் இந்த ஏழு என்ற எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழு தலைமுறை என்று சொல்லப்பட்ட கணமே, கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் அது தன் வாழ்நாளில் நிகழப்போவதில்லை என்பது தெரிந்துவிடுகிறது. நாளை வருமா, அடுத்த ஆண்டு வருமா என வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இடமில்லை. பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும்; அடுத்த ஞாயிறு எது என்று அயல்வீட்டுக்குச் சொல்லவேண்டும்; அவ்வளவுதான்.

அதே பகுதியில் வழங்கிய வேறொரு முன்னறிவிப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1637 இல் ஷிமாபாரா, அமாகுசா மக்கள் தாங்கமுடியாத வரியாலும் பட்டினியாலும் கிளர்ந்தெழுந்தனர். நாடுகடத்தப்பட்ட ஒரு குரு முன்பே சொல்லிவைத்த தெய்வீக இளைஞன் இவனே என்று, 16 வயதளவே நிரம்பிய அமாகுசா ஷிரோவைத் தலைவனாக்கினர். விடுதலை இதோ வந்துவிட்டது என்று நம்பி ஹாராக் கோட்டைக்குள் திரண்டனர். 1638 இல் கோட்டை வீழ்ந்தபோது 30,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர்களுடைய பட்டினி உண்மையானது, அவர்கள்மீது நடந்த கொடுமையும் உண்மையானது. ஆயினும் ஒரு நம்பிக்கை அவர்களைக் கோட்டைக்கு அழைத்தது. மற்றொன்று உராக்காமியில் பிள்ளைகளுக்கு மன்றாட்டுகளைக் கற்றுக்கொடுக்கச் சொன்னது.

இங்கே யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னாராருக்கும் ஒரு செய்தி. ஹாராக் கோட்டையின்மீது கடலிலிருந்து பீரங்கி சுட்டு உதவியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். இருபது ஆண்டுகளுக்குப்பின், 1658 இல், அதே கம்பெனிதான் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியது. 1687 இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் வறியவர் கோலத்தில் வந்து சேரும்வரை நம் முன்னோரும் குருவின்றியே மன்றாடினர். அவ்வரலாறு தனிப் பதிவுக்குரியது. இப்போது நாகசாகியிலேயே நிற்போம்.

முன்னறிவிப்பு பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வாட்ஸ்அப்பில் உலவும் மூன்று இருள் நாள்கள், இன்ன மாதத்தில் இன்ன அழிவு, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தண்டனை என்பன போன்ற செய்திகளை எனக்கு அனுப்பி, இது உண்மையா பாதர் என்று கேட்கிறீர்கள். அவை அச்சத்தைக் கிளறும். அச்சம் அடங்குமுன் அடுத்த செய்தி வந்து சேரும். அவற்றை வாசித்தபின் எவராவது அமைதியாக முழங்காலிட்டதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இனி இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருகிறேன். உராக்காமி மக்கள் அந்த உருவத்தை மிதித்தார்களா? ஆம், மிதித்தார்கள். ஏழு தலைமுறையாக ஆண்டுதோறும் மிதித்தார்கள்; அதனால்தான் உயிரோடிருந்தார்கள். மிதிக்க மறுத்தவர்களை நாம் மறைசாட்சிகள் என வணங்குகிறோம், அது நீதியே. மிதித்தவர்களை என்னவென்று சொல்வது?

அவர்கள் தங்களையே நியாயப்படுத்திக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அது வெறும் தகடுதானே என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துறங்கவில்லை. வீடு திரும்பி 'கொஞ்சிரிசான்' சொன்னார்கள். மனத்துயர் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் ஜப்பானிய உருவம் அது. 1603 இல் ஆயர் லூயிஸ் செர்க்கெய்ரா ஜப்பானிய மொழியில் ஒரு சிறுநூலை ஆக்கியிருந்தார். ஒப்புரவுக்குக் குரு கிடைக்காத நிலையில், தண்டனைக்கு அஞ்சியன்றி இறைவனை நோகச் செய்தோமே என்ற அன்பினால் வருந்தி, வாய்ப்பு நேரும்போது அறிக்கையிடுவேன் என்ற உறுதியும் கொண்டால், இறைவன் மன்னிக்கிறார் என்பதை அது எளிமையாக விளக்கியது. திரிதெந்து பொதுச்சங்கம் 1551 இல் வழங்கிய போதனையே இது. அச்சிட்ட படிகள் அழிந்தபின் கையால் படியெடுத்தும் மனனம் செய்தும் மக்கள் அதைக் காத்தனர். 1869 இல் பெத்திஜான் ஆண்டகை அம்மக்களிடமிருந்தே அதைப் பெற்று மீண்டும் அச்சிட்டார். அதாவது, திருச்சபை கொடுத்ததை மக்கள் காப்பாற்றித் திருச்சபைக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நம்மிடமும் இது இருந்தது. உத்தம மனஸ்தாப மந்திரம் என்று உங்கள் அம்மம்மா இரவில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். 1580 இலேயே அன்ரீக்கே அடிகளார் ஒப்புரவுக்கான கையேட்டை 'கொம்பெசியொனாயரு' என்ற பெயரில் தமிழில் அச்சேற்றியிருந்தார். 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, குருவிடம் செல்ல இயலாதோர் இறைவனிடமே நேரடியாக வருந்திச் சொல்லுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டியதும் இதையே. அப்போது, இப்படியும் ஒன்று உண்டா என்று வியந்து கேட்டவர்கள் பலர். உராக்காமியில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கும்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய மனத்துயர் உண்மையானது; அதை நான் ஐயுறமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் விழுந்து, ஒவ்வோர் ஆண்டும் அழுது எழுந்து, இதைப் பழக்கமாக விடாமல் பாவமாகவே உணர்ந்து இருநூறு ஆண்டுகள் வாழ்வது சிறிய செயலன்று. நெருக்கடியில் நாம் செய்த ஒரு தவறு இறைவனுக்கும் நமக்குமிடையே கதவை அடைத்துவிட்டதாக எண்ணி, கோயில் பக்கமே வராதிருப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை வாசிக்கவேண்டும் என விரும்புகிறேன்.

எல்லாம் பழுதின்றிக் காக்கப்பட்டதாகவும் கூறமுடியாது. வாய்வழியே வந்த இலத்தீன் மன்றாட்டுகள் பல இடங்களில் பொருள் விளங்காத ஒலிகளாகத் தேய்ந்தன. திருமுழுக்கின் வாய்ப்பாடு சில ஊர்களில் மாறிப்போயிருந்தது. குருக்கள் வந்தபின்னும் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையோடு இணையாமல், முன்னோர் மறைவில் செய்ததையே தொடர்ந்தனர். இகிட்சுக்கித் தீவில் அந்தப் பழைய 'ஒராசோ' மன்றாட்டுகள் நம் காலம் வரை ஒலித்திருக்கின்றன. கணக்கைக் காத்தவர்கள் சிலவேளை கணக்கின் பொருளை இழந்தனர். மறுபுறம், பெத்திஜானிடம் பின்னர் வந்த ஒரு மிசுகாத்தா, அவர் உரோமையிலிருக்கும் பெரிய தலைவரை ஏற்கிறாரா, அவருக்கு மனைவி மக்கள் உண்டா என்றெல்லாம் வினவி உறுதிசெய்த பிறகே அவரைக் குருவாக ஏற்றார். யார் யாரைச் சோதித்தார்கள் பாருங்கள்!

1865 க்குப் பின் துன்பம் தீர்ந்ததா? கூடியது. குருக்களைக் கண்ட மகிழ்ச்சியில் உராக்காமி மக்கள் 1867 இல் தங்கள் இறந்தோருக்குப் பௌத்த முறை அடக்கச் சடங்கை வெளிப்படையாக மறுத்தனர். ஜூலை மாதத்து இரவொன்றில் வீரர்கள் ஊருக்குள் புகுந்து 68 பேரைக் கைது செய்தனர். வதையின்கீழ் ஏறத்தாழ எல்லாருமே மறுதலித்தனர்; தக்காகி செனெமோன் என்பவர் மட்டும் அசையாது நின்றார். மறுதலித்தவர்களுள் பலர் வீடு திரும்பியபின் ஆறுதலின்றித் தவித்து, மீண்டும் அதிகாரிகளிடம் சென்று, தாங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தனர். கொஞ்சிரிசான் சொல்லிப் பழகிய நாக்கு அது.

மெய்ஜி ஆட்சி வந்தபின்னும் தடை நீங்கவில்லை. 1868 இலும் 1870 இலும் உராக்காமி ஊர் முழுவதையும் பிடுங்கி, 3,394 பேரை நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தினர். சுவானோ என்ற மலையூரில் குளிர்காலத்தில் பனி உறைந்த குளத்தில் செனெமோனையும் தோழரையும் இறக்கினர். நிமிர்ந்து நிற்கவும் கால் நீட்டவும் இயலாத சிறு கூண்டில் சிலரை அடைத்தனர். 600க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவேயில்லை. உயிர்பிழைத்தோர் இந்த ஆண்டுகளை நாடுகடத்தல் என்று அழைக்கவில்லை, 'தாபி' என்றனர். பயணம் என்று பொருள். மேலை நாடுகளின் கண்டனம் வலுத்தபின், 1873 பெப்ரவரி 24 அன்று தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

திரும்பியவர்களுக்கு வீடில்லை, விதைநெல் இல்லை. அடுத்த ஆண்டே வயிற்றுளைச்சல் நோய் பரவியது. நாடுகடத்தலிலிருந்து மீண்ட இவானாகா மாக்கி என்ற இளம்பெண், மார்க் த ரோட்ஸ் அடிகளாரோடு சேர்ந்து நோயாளரைப் பராமரித்தார். அநாதையான பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1880 இல் ஊரார் தங்கள் வறுமையிலும் பணம் சேர்த்து ஒரு நிலத்தை வாங்கினார்கள். அது பழைய ஊர்த்தலைவரின் வளவு. அவர்களும் அவர்களுடைய முன்னோரும் ஆண்டுதோறும் வரிசையில் நின்று அந்த உருவத்தை மிதித்த இடம் அதுவே. அங்கே ஆலயம் எழுப்பினார்கள்; செங்கல் செங்கலாகக் கட்டி முடிக்க 1914 ஆயிற்று; இரட்டைக் கோபுரங்கள் 1925 இல் நிறைவுற்றன.

1945 ஆகஸ்டு 9, வியாழக்கிழமை. மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா ஆறு நாள்களில் வரவிருந்ததால், அதற்கு ஆயத்தமாக உராக்காமி ஆலயத்தில் இரு குருக்கள் காலையிலேயே ஒப்புரவு கேட்கத் தொடங்கியிருந்தனர். ஏழு தலைமுறையினர் கேட்டுக் காத்திருந்த வரம் அன்று ஒரு சாதாரண வியாழக்கிழமை வேலையாகி இருந்தது. மக்கள் வரிசையில் இருந்தனர். முற்பகல் 11.02 மணிக்கு அணுகுண்டு அவ்வாலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் வெடித்தது. உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. அப்பகுதியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்.

கோபுர மணிகளுள் ஒன்று உடையாமல் இடிபாடுகளுக்கடியில் கிடந்தது. எஞ்சியோர் அதைத் தோண்டியெடுத்து, மரக்கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டனர். அவர்களோடு இருந்த மருத்துவர் தக்காஷி நாகாயி, உராக்காமியில் நாள்காட்டி காத்த சோகாத்தாக் குடும்பத்தின் மகளை மணந்தவர். எரிந்த வீட்டில் மனைவியின் எலும்புகளோடு அவருடைய செபமாலையைக் கண்டெடுத்தவர். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று மாலை, கூரையோ சுவரோ இல்லாத அந்த வெளியில், கிறிஸ்து பிறப்பு விழாவிற்காக அவர்கள் அந்த மணியை அடித்தார்கள்.